தொண்டுக்கு மனம் மட்டும் போதுமா?

கல்லூரி விழா மேடைகளில் மாணவர்களைத் தொண்டு செய்ய வருமாறு அழைக்காத பேச்சாளர் குறைவு. வருகிறவர்களுக்கு எதைக் கற்பிப்பது, அவர்கள் எதைக்கொண்டு வாழ்வது என்று பேசுவோர் அதனினும் குறைவு. தொண்டு நிறுவனங்களை நாளை தலைமையேற்று நடத்தப்போகிறவர்களை ஆயத்தப்படுத்துவதும் கல்லூரியின் கடமையே என்பது நம் கருத்து.

இதைப் பேசத் திருச்சிராப்பள்ளிக்குத் தனித் தகுதி உண்டு. 1986இல் தொடங்கப்பெற்ற ஸ்கோப், 1987இல் தொடங்கப்பெற்ற கிராமாலயா ஆகிய இரு நிறுவனங்களும் இங்கிருந்தே சுகாதாரப் பணியில் நாடறியும் பெயர் பெற்றன. அவற்றின் நிறுவனர்களான சுப்புராமனுக்கு 2021இலும் தாமோதரனுக்கு 2022இலும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. முசிறியில், மனிதக் கழிவை எருவாக்கும் கழிப்பறையைப் பயன்படுத்துவோருக்கே காசு கொடுத்துப் பழக்கியது ஸ்கோப். திருச்சி நகரின் குடிசைப் பகுதிகளில் சமுதாயக் கழிப்பறைகளை அப்பகுதிப் பெண்களின் குழுக்களே நடத்தும் முறையைக் கிராமாலயா வளர்த்தெடுத்தது. கட்டணம் வாங்குதல், வரவு செலவு எழுதுதல், துப்புரவுக்கு ஆள் வைத்தல், வரும் சண்டையைத் தீர்த்தல் என்று அப்பெண்கள் அன்றாடம் செய்தவையே நிர்வாகத்தின் அரிச்சுவடி. பட்டப்படிப்பு முடிக்கும் நம் மாணவருள் எத்தனை பேருக்கு ஒரு வரவு செலவு ஏட்டைப் படிக்கத் தெரியும்?

நாம் ஒன்றும் செய்யவில்லை என்பதில்லை. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் ஈராண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றுகின்றனர். ஏழு நாள் முகாமில் ஊரோடு தங்குகின்றனர். புனித வளனார் கல்லூரி மாணவர்கள் விரிவாக்கப் பணிக்காகக் கிராமங்களுக்குச் செல்கின்றனர். பிஷப் ஹீபர் கல்லூரியில் சமூகப்பணி முதுகலைப் படிப்பே உண்டு. ஆயினும் தமிழும் வரலாறும் வணிகவியலும் பயிலும் பெரும்பாலோர்க்கு முகாமோடு தொண்டு முடிந்துவிடுகிறது. முகாம் இரக்கத்தைக் கற்பிக்கும். சங்கப் பதிவுச் சட்டத்தையும் தணிக்கையையும் நிர்வாகக் குழுவில் மறுத்துப் பேசும் துணிவையும் கற்பிக்காது.

இன்று இவை இன்றியமையாதவை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அப்பணத்தைத் தருவோர் திட்ட அறிக்கையும் பயன் மதிப்பீடும் கேட்கின்றனர். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 விழுக்காட்டு வரம்பை 2020ஆம் ஆண்டுத் திருத்தம் 20 ஆகக் குறைத்தது. பயிற்சிக்கும் நல்ல ஊதியத்துக்கும் நிறுவனங்களிடம் மிஞ்சுவது சொற்பம். ஆகவே அப்பயிற்சியின் ஒரு பகுதியைக் கல்லூரியே ஏற்க வேண்டியிருக்கிறது.

நிர்வாகப் பயிற்சி தொண்டுள்ளத்தைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. உழவர் கூட்டுறவுகளுக்குத் தேர்ந்த மேலாளர் வேண்டும் என்றே குரியன் 1979இல் ஆனந்தில் ஊரக மேலாண்மைக் கல்விக்கழகத்தை நிறுவினார். இன்னொன்றையும் மறக்கலாகாது. நம் வகுப்புகளில் இருப்போருள் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அவர்களிடம் ஊதியத்தைப் பேசாமல் தியாகத்தை மட்டும் பேசுவது அறமன்று. அவ்வாறு பேசினால், வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளே ஏழைகளுக்காகத் தலைமை தாங்குவர்.

தொடங்குவது ஒரு திறன். பிறர் தொடங்கியதைக் காப்பது வேறு திறன். திருவரங்கக் கோயிலில் ஹொய்சளர் காலத்தில் எழுந்த ஆரோக்கியசாலை பின்னர் சிதைந்தது. அதைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டுச் சொல்கிறது. எண்பதுகளில் தோன்றிய தொண்டு நிறுவனங்கள் பலவற்றுக்கு இன்று வேண்டியது இந்த இரண்டாம் வகை மனிதர்தாம்.

இலக்கியம் பயில்வோர்க்கு இதில் இடமுண்டா என்று கேட்கலாம். ஊர்ப் பெண்மணி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, பொருள் சிதையாமல் அலுவலக மொழியில் எழுதவும், அலுவலகம் சொல்வதை அவருக்குப் புரிய உரைக்கவும் மொழிப்பயிற்சி உடையவரே ஏற்றவர். எந்தத் துறை மாணவரும் எடுக்கத்தக்க ஒரு விருப்பப்பாடம் போதும், அங்கிருந்து தொடங்கலாம். ஒரு பருவம் முழுதும் ஒரே நிறுவனத்தில் இருந்து, அதன் கணக்கைப் படித்து, கூட்டக் குறிப்பு எழுதி, அதன் வரலாற்றைத் தோல்விகளோடு பதிவுசெய்தல் வேண்டும். தேர்வுத்தாளுக்குப் பதில் அப்பதிவையே மதிப்பிடலாம். பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருக்கும் நாம் இதை முன்மொழியத் தடையேதுமில்லை.