இரண்டு வாள்கள்

2019 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. டெக்சஸின் ஒயிட் செட்டில்மென்ட் ஊர் ஆலயத்தில் திருவிருந்து நேரம். பொய்த்தாடி ஒட்டிவந்த ஒருவன் எழுந்து, கோட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியை உருவி இருவரைச் சுட்டுக் கொன்றான். ஆறே வினாடியில் சபையின் பாதுகாப்புத் தொண்டர் ஒருவர் ஒரே குண்டில் அவனை வீழ்த்தினார். ஆலயத்துக்கு ஆயுதம் வேண்டும் என்போருக்கு இதுவே சாட்சி. ஆனால் இறந்த இருவரில் ஒருவரும் ஆயுதம் தாங்கிய தொண்டர்தான். தன் துப்பாக்கியை எடுக்கும்போதே அவர்மேல் குண்டு பாய்ந்தது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

கைதாவதற்கு முன் இயேசு சீடர்களிடம் வாள் வாங்கச் சொன்னதாக லூக்கா எழுதுகிறார். பதினொரு சீடருக்கு இரண்டு வாள், போதும் என்றார். அதில் தற்காப்பு உரிமையைப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் திருச்சபையின் பெரும் இறையியலாளர்களே இதில் ஒத்துப்போகவில்லை. தன்னுயிர் காக்கத் தனிமனிதன் கொல்வதை அகஸ்டின் ஏற்கவில்லை. பின்வந்த அக்குவைனாஸ் அளவோடு ஏற்றார்.

2006இல் பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் பள்ளியில் வன்முறையை மறுக்கும் ஆமிஷ் கிறிஸ்தவச் சமூகத்தின் சிறுமியர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சமூகத்தார் கொலையாளியின் குடும்பத்தைத் தேடிப்போய் ஆறுதல் சொன்னார்கள். இவர்களும் மான் வேட்டைக்குத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள்தாம்.

பிள்ளைகளைக் காக்க நினைப்பவரைப் பழிக்க மாட்டோம். அதற்கு லூக்காவைச் சாட்சிக்கு இழுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. வாள் வசனத்தோடு நிறுத்தும் போதகர்கள், சீடர் ஒருவர் வாளால் வெட்டிய காதை இயேசு தொட்டுக் குணமாக்கிய இடம்வரை வாசிக்கட்டும்.