துறவியின் உடைமை எது?

காவியும் அங்கியும் துறவின் அடையாளங்களே. அவற்றை அணிந்த மாத்திரத்தில் எவரும் துறவியாகிவிடார். மட்டக்களப்பு மக்கள் மெய்த்துறவைக் கண்ணாற் கண்டவர்கள்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியைத் துறந்து, 1922ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1929இல் கல்லடி உப்போடையில் நிறுவிய வித்தியாலயத்திற்குத் தம் பெயரைச் சூட்டாது, குருவாகிய சிவானந்தரின் பெயரையே சூட்டினார். பின்னர்ப் பேராசிரியப் பதவிகள் தேடிவந்தபோதும் துறவியாகவே வாழ்ந்து, 1947இல் மறைந்தார்.

அமெரிக்காவிற் பிறந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபர் அடிகளார், புனித மைக்கேல் கல்லூரி மாணவருக்காகப் பல்லாண்டு உழைத்தவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள், போரின் நடுவே, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரிற் புறப்பட்டவர் திரும்பவேயில்லை.

வாழைச்சேனைக்கு வடக்கேயுள்ள வாகரை, 2004இல் கடல்கோளாலும் 2006, 2007ஆம் ஆண்டுகளிற் போராலும் அலைக்கழிந்த மண். அங்குள்ள உழவரும் மீனவரும் தம் வயிற்றைச் சுருக்கியே கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் காணிக்கை இடுகின்றனர். அப்பணம் சமயத் தலைவர்களின் ஆடம்பரத்துக்கு உரியதன்று.

எச்சமயத்தவராயினும், வாகரைக்கு வரும் தலைவர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. ஊர்வலமும் பொன்னாடையும் தவிர்த்து வாருங்கள். காணிக்கைக் கணக்கை ஊரார் முன் வையுங்கள். ஓரிரவேனும் ஏழையின் குடிசையில் தங்கி, அவன் உண்பதை உண்ணுங்கள்.

எளிமையை உபதேசிக்கும் உரிமை எளிமையாய் வாழ்பவருக்கே உண்டு.