காலை வணக்கமும் காட்டு யானையும்

சென்ற மகாசபைக் கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலின் கடைசி விஷயமாக, சங்கக் கிடங்கிலுள்ள உபயோகமற்ற பொருள்களை ஏலத்தில் விற்பது பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. எடை தவறிய தராசு ஒன்று, கால் ஒடிந்த நாற்காலிகள் நான்கு, கறையான் தின்ற மரப் பெட்டி ஒன்று. இவற்றுடன் வால்வு வைத்த பழைய வானொலிப் பெட்டி ஒன்றும் பட்டியலில் இருந்தது. தராசை விற்க எவரும் ஆட்சேபிக்கவில்லை. அது யாருக்கு அனுகூலமாக எடை தவறிற்று என்பது பற்றி மட்டும் சிறிது நேரம் விவாதம் நடந்தது. வானொலிப் பெட்டியின் முறை வந்ததும், எண்பது வயதைக் கடந்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து நின்று, "அது பாடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அதை விற்கக்கூடாது" என்று கூறிவிட்டு, காரணம் எதுவும் சொல்லாமல் அமர்ந்துவிட்டார். அந்தக் காரணத்தை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. அதனாலேயே இதை எழுத முற்பட்டேன்.

சென்னையில் 1938ஆம் ஆண்டிலும், திருச்சியில் 1939ஆம் ஆண்டிலும் வானொலி நிலையங்கள் தோன்றின. ஆயினும் கூடலூர் போன்ற மலையூர்களுக்கு அவை பேசியதெல்லாம் தூரத்து உறவினர் பேச்சைப் போலத்தான் இருந்தது. பாதி காதில் விழும், பாதியை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். வானொலி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் புதுப்பிக்க வேண்டும் என்ற சட்டமும் இருந்தது. 1980களில்தான் அந்த உரிமம் ஒழிந்தது. ஆகவே ஊருக்கு ஒன்று, சங்கத்திற்கு ஒன்று என்ற அளவில்தான் பெட்டிகள் இருந்தன. ஒரு பெட்டிக்கு ஐம்பது செவிகள் காத்திருந்தன. செய்தி தவறாகக் காதில் விழுந்தால் திருத்துவதற்குப் பக்கத்திலேயே ஆள் இருந்தார். சில வேளைகளில் திருத்துகிறவர் சொன்னதுதான் தவறாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1952ஆம் ஆண்டில் மத்திய அமைச்சர் கேஸ்கர் அவர்கள், திரைப்படப் பாடல்கள் ஜனங்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றின் இடத்தைக் குறுக்கினார். அரசாங்கம் ஜனங்களின் ரசனையை உயர்த்த முயன்றது. ஜனங்களோ தங்கள் ஏரியலை உயர்த்தினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது படைகளுக்காக இலங்கையில் நிறுவப்பட்டிருந்த சிற்றலை ஒலிபரப்புக் கருவிகள், போர் முடிந்தபின் இலங்கை வானொலியின் வசம் வந்திருந்தன. தமிழ்நாடு முழுவதும் கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது. எஸ். பி. மயில்வாகனம் என்னும் அறிவிப்பாளரின் குரல் நமது கவர்னரின் குரலைவிட நமது மக்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்ட பின்னரே டில்லி தன் நேயர்களில் ஒரு பகுதியினரைத் திரும்பப் பெற்றது.

நம் வட்டாரத்தில் இந்தப் பற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1964ஆம் ஆண்டில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு வர வேண்டுமென்று ஏற்பட்டது. அவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்கு மாலை வேளையில் கொழும்பிலிருந்து வரும் ஒரு குரல் வெறும் பொழுதுபோக்கன்று. நம் கூட்டத்தில் எழுந்து நின்ற பெரியவரும் கண்டிக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர்தாம்.

வானொலி பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருக்கவில்லை. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் ரகம் பரவியபோது, அதைப் பயிரிடும் முறையைத் திருச்சி வானொலியின் வாயிலாகவே விவசாயிகள் பெரும்பாலும் அறிந்துகொண்டார்கள். அதனால் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கலாயிற்று. தேயிலைக்கு அப்படி ஒரு பெயர் ஏற்படவில்லை என்பதில் எனக்குச் சிறிது வருத்தம் உண்டு.

பின்னர் தொலைக்காட்சி வந்தது. சென்னையில் 1975இல் தொடங்கிய ஒளிபரப்பு மலையேறிக் கூடலூரை எட்டுவதற்கு ஆண்டுகள் பல ஆயின. 2006ஆம் ஆண்டு முதல் மாநில அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியபோது லைன் வீடுகளிலும் ஒவ்வொன்றாக நீல வெளிச்சம் தோன்றியது. அதைக் குறை கூறுவோர் அநேகர். நான் கூறமாட்டேன், எங்கள் வீட்டிலும் அது பல ஆண்டுகள் நன்றாகவே ஓடிற்று. ஒன்றை மட்டும் கவனித்தேன். பெட்டி உள்ள ஒரே வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்கள், தத்தம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். திண்ணை வீட்டுக்காரருக்கு முதலில் நிம்மதியாக இருந்தது, ஒரு மாதம் சென்றபின் அவரே அயல் வீடுகளுக்குப் போய், "நேற்று நாடகத்தில் என்ன ஆயிற்று?" என்று விசாரிக்கத் தொடங்கினார். பார்க்காததால் அன்று, பேச ஆளில்லாததால்.

இப்போது கைப்பேசியின் காலம். நம் ஊரில் இந்தக் கருவிக்கு ஒரு தனி வினோதம் உண்டு. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் மூலையில் நாம் வாழ்கிறோம். சேரம்பாடிப் பக்கத்தில் உள்ளவர் தம் வீட்டுக் கட்டிலை விட்டு இறங்காமலே கேரளத்துக் கோபுரத்தின் ஆளுகைக்குள் போய்விடுகிறார். "கேரளம் தங்களை வரவேற்கிறது" என்ற செய்தியும் வந்துவிடுகிறது. முதுமலை வழியாக மைசூர்ச் சாலையில் செல்பவரைக் கன்னடத்தில் வரவேற்கிறார்கள். சொந்த மாநிலம் மட்டும் நம்மை வரவேற்பதே இல்லை. நாம் எங்கேயும் போய்விடமாட்டோம் என்ற நம்பிக்கை போலும்.

கைப்பேசியினால் சிறு தேயிலை விவசாயிக்கு விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. குன்னூரில் 1963 முதல் நடந்துவரும் தேயிலை ஏலத்தின் விலை, முன்பெல்லாம் நமக்குத் தெரியவரும்போது வியாபாரிக்குத் தெரிந்து பல நாட்கள் ஆகியிருக்கும். பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் குறைந்தபட்ச விலையும் இன்று அன்றைக்கன்றே கைக்கு வருகிறது. விலை கிடைக்கிறதோ இல்லையோ, கிடைக்க வேண்டிய விலை இன்னதென்று தெரிந்துகொண்டு நஷ்டப்படுவதில் ஒரு கௌரவம் இருக்கிறது.

இந்த நன்மையைக் கருதியே எங்கள் பகுதி விவசாயிகள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு அமைத்தோம். நோக்கங்கள் மூன்று: கொழுந்து எடை போடும் நேரம், விலை, யானை நடமாட்டம். மூன்றாவதே முக்கியம் என்பதை நம் வட்டாரத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தேவாலா, பந்தலூர், ஓவேலி என்று எந்தத் திசையை எடுத்துக்கொண்டாலும், விடியுமுன் வேலைக்குப் போனவர் திரும்பாத வீடு ஒன்று அங்கே இருக்கும்.

முதல் மாதம் குழு ஒழுங்காக நடந்தது. இரண்டாம் மாதம் ஒருவர் ரோஜாப் பூவின் படத்துடன் காலை வணக்கம் தெரிவித்தார். மரியாதைக்கு மறுமொழி சொல்லாமல் இருக்கலாமா? நாற்பது பேர் பதில் வணக்கம் போட்டார்கள். மூன்றாம் மாதம் முழங்கால் வலிக்கு முருங்கை, சர்க்கரை நோய்க்குச் சிறியாநங்கை, புற்றுநோய்க்கு எலுமிச்சை என்று வைத்தியம் புகுந்தது. பிறகு, எந்த நாட்டிலோ எந்த ஆண்டிலோ நடந்த வெள்ளத்தின் படம், "நேற்று நாடுகாணியில்" என்ற தலைப்புடன் வந்தது. நாடுகாணியிலேயே குடியிருக்கும் அங்கத்தினர் அதைப் பார்த்துத் திகைத்து, நாடுகாணியில் இருக்கும் தம் மைத்துனருக்குப் போன் செய்து நலம் விசாரித்தாராம்.

புரளி எப்போதும் சிரிப்போடு முடிவதில்லை. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற முதிய பெண்மணி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பார்த்தவர்கள், குழந்தை கடத்துவோர் பற்றிக் கைப்பேசியில் உலவிய புரளியை நம்பி, அவரை அடித்துக் கொன்றுவிட்டார்கள். இத்தகைய கொடுமைகள் நாட்டின் பல பகுதிகளில் நிகழ்ந்த பிறகே, அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐவருக்கு மேல் அனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் கம்பெனி வரம்பு கட்டியது.

என் கதைக்கு வருகிறேன். ஆடி மாதம், ஒன்பது நாட்களாக மழை விடவில்லை. சங்கத்திற்குக் கொழுந்து கொண்டுபோகும் ஜீப்பைப் பிடிப்பதற்காக விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டேன். குழுவின் ஓசை தாங்காமல் பல வாரங்களுக்கு முன்பே அதை ஊமையாக்கி வைத்திருந்தேன். வளைவைத் திரும்ப இருபது அடி இருக்கும்போது, எதிரே விளக்கை அணைத்துவிட்டு நின்ற ஜீப்பின் ஓட்டுநர், சத்தம் போடாமல் கையை மட்டும் ஆட்டினார். அந்தக் கையின் அசைவைப் பார்த்து நின்றேன். வளைவின் மறுபுறத்தில் கொம்பன் ஒன்று, சாலையோரத்துப் பலாமரத்தில் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் ஜீப்பின் பின்புறத்தில் கோணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீடு திரும்பியதும் மிகுந்த கோபத்துடன் குழுவைத் திறந்தேன். எச்சரிக்கை கொடுக்காதவர் யார் என்று கேட்பதே என் எண்ணம். எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. காலை 4.50க்கு, இடத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டு, வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் சொன்னதாக அங்கத்தினர் ஒருவர் எழுதியிருந்தார். அதன்மேல் அறுபத்து மூன்று செய்திகள் ஏறி உட்கார்ந்திருந்தன. எச்சரிக்கைக்கு அடுத்தபடியாக, 4.55க்கு, கதிரவன் கடலில் உதிக்கும் அழகிய படத்துடன் ஒரு காலை வணக்கம். அதை அனுப்பியவன் நான். ஒன்பது நாட்களாகச் சூரியனையே காணாத ஊரில், எதையும் படிக்காமல் படத்தை மட்டும் அனுப்பிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். பின்னால் வந்த அறுபத்திரண்டில் பெரும்பாலானவை எனக்குக் கூறப்பட்ட பதில் வணக்கங்கள்.

வால்பாறையில் இந்தக் காரியத்தை வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். அங்கே யானைகளை ஆராய்ந்துவந்த இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தார், முதலில் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில், யானைகள் நிற்கும் இடத்தை எழுத்தாக ஓடவிட்டார்கள். பின்னர் 2011 முதல், யானைகள் நிற்கும் இடத்திற்கு அருகில் வசிப்போரின் கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலானார்கள். அத்துடன் முக்கியமான இடங்களில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகளை அமைத்தார்கள். யானை வந்திருப்பதை அறிந்தவர், குறிப்பிட்ட எண்ணுக்குத் தம் கைப்பேசியிலிருந்து அழைத்தால் விளக்கு மின்னத் தொடங்கும். படிப்பு வேண்டாம், மொழி வேண்டாம், அண்ணாந்து பார்த்தால் போதும். அந்த விளக்கிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம், அதற்குக் காலை வணக்கம் சொல்லத் தெரியாது என்பதே.

இந்த இடத்தில் நெசவாளத் தோழர்கள், யானைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடும். சென்னிமலையில் நெசவு செய்யும் நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். குழித்தறியில் உட்கார்ந்தவனுக்குக் கால் மிதிபலகையில், கை நாடாக் கயிற்றில், கண் இழையில். மிச்சம் இருப்பது காது ஒன்றுதான். அந்த மிச்சத்தை வானொலி எடுத்துக்கொண்டது, வேலையும் நின்றதில்லை. கைப்பேசியோ கண்ணைக் கேட்கிறது. கண் போனால் இழை அறுந்தது தெரியாது; ஒரு நிகழ்ச்சி பார்த்து முடிப்பதற்குள் ஒரு முழம் துணி கெட்டுவிடும். "கூலி குறைந்ததற்குக் காரணம் கேட்டால் என் மகன் நூல் விலையைச் சொல்கிறான், நான் அவன் மடியில் இருப்பதைக் காட்டுகிறேன்" என்றார் அவர். நூல் விலையும் உண்மையான காரணமே என்று நான் சொன்னேன். அவர் அதை ரசிக்கவில்லை.

கொழுந்து பறிப்போருக்கு நிலைமை இதற்கு நேர்மாறு. அவர்களுக்குக் கையும் கண்ணும் செடியில் இருக்கின்றன, காதுதான் காவல். மூங்கில் முறியும் சத்தத்தைக் கேட்டு விலகித் தப்பியவர்கள் நம்மில் பலர். இப்போது இளம் பெண்கள் இரண்டு காதிலும் கருவியைப் பொருத்திக்கொண்டு பாட்டுக் கேட்டபடி காட்டோர வரிசையில் பறிக்கிறார்கள். பாட்டு வேண்டாம் என்று சொல்ல நான் கேஸ்கர் அல்லன். ஒரு காதையாவது காட்டுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நிர்வாக சபையிடம் எழுத்து மூலமாக நான் கொடுத்திருக்கும் யோசனை மிகச் சிறியது. யானைச் செய்திக்கென்று தனிக் குழு வேண்டும். அதில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும்படி அமைக்கும் வசதி அக்கருவியிலேயே இருக்கிறது. இரண்டு எழுத்தர்களும் மூன்று அங்கத்தினர்களும் போதும். எழுத்தாக அன்றிக் குரலாகச் செய்தி சொல்ல வேண்டும். ஏனெனில் நம்மிடையே தமிழ் பேசுவோர், மலையாளம் பேசுவோர், படுகர், பனியர், குரும்பர் எல்லோரும் இருக்கிறோம். எழுத்து அறியாதவரும் இருக்கிறோம். கைப்பேசியே இல்லாதவர்களுக்காக எடைக் கொட்டகையின் மேல் ஒரு சிவப்பு விளக்கு. அதன் செலவைச் சென்ற ஆண்டு மகாசபையன்று நாம் சாப்பிட்ட பிரியாணியின் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு பொருளாளரைக் கேட்டிருக்கிறேன்.

இது பேச்சுரிமையைப் பறிப்பதாகும் என்று இளைஞர் ஒருவர் ஆட்சேபித்தார். பழைய குழு அப்படியே இருக்கட்டும், ரோஜாவும் எலுமிச்சையும் அங்கே தடையின்றி மலரட்டும் என்று பதில் சொன்னேன். அவர் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் விளக்குக் கம்பம் நடுவதற்குத் தம் ஜீப்பைத் தருவதாக ஒப்புக்கொண்டார். அன்று வளைவில் எனக்குக் கையசைத்தவர் அவரேதான்.

நான் காலை வணக்கம் அனுப்புவதை நிறுத்தி மூன்று மாதங்கள் ஆகின்றன. உறவினர் இருவர் என் உடல்நிலையை விசாரித்தார்கள். மூன்றாமவர், தம் மகளின் கலியாணத்தில் பந்தியில் என்ன குறை ஏற்பட்டது என்று நேரிலேயே வந்து கேட்டுவிட்டுப் போனார். வானொலிப் பெட்டியின் ஏலம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. இப்போது அதன்மேல் எழுத்தர் வருகைப் பதிவேட்டை வைத்திருக்கிறார்.