வாத்துக் கூடு அடிக்கவும் அனுமதி வேண்டுமா?

பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தின் தொங்கல் காம்பராவில் இருக்கும் நமது அங்கத்தவர் குடும்பம் ஐந்து வாத்து வளர்த்து வந்தது. தாரா அல்ல, வாத்து. சிங்களத்தில் பாத்தயா என்பார்கள். புதிய ஆளைக் கண்டால் கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு வருமே, அது. சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு நான்கு போய்விட்டன. இரண்டு கானுக்குள் செத்துக் கிடந்தன. இரண்டைக் காணவே இல்லை. ஆத்திரத்தில் வீட்டுக்காரர் மறுநாள் றப்பர் மலைக்கு ஏறும் குறுக்குப் பாதையில் சுருக்குக் கம்பி கட்டினார். அதில் மாட்டியது பக்கத்துக் காம்பராக்காரரின் நாய். அதற்கு ஒரு கால் போய்விட்டது. இரண்டு குடும்பமும் ஒரே பீலியில்தான் தண்ணீர் பிடிக்கின்றன, ஆனால் முகம் பார்ப்பதில்லை.

இந்தக் கதை அந்த இரவில் தொடங்கவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு அவர்கள் பழைய தகரமும் பலகையும் வைத்து நல்லதொரு கூடு அடித்திருந்தார்கள். அனுமதி இல்லாத கட்டடம் என்று சொல்லி நிர்வாகம் அதைப் பிரிக்க வைத்தது. "ஐயா, இது வீடு இல்லீங்க, வாத்துக் கூடுங்க" என்று அந்த அம்மா கெஞ்சிப் பார்த்திருக்கிறார். "இன்னைக்குக் கூடும்பீங்க, நாளைக்கு அதையே குசினி ஆக்கிருவீங்க" என்று பதில் வந்ததாம். பிறகு வாத்துகள் இறவாரத்தில், ஒரு சாக்கு மறைப்பில் படுத்தன. நாய்க்கும் நரிக்கும் அதைவிட என்ன வசதி வேண்டும்?

சங்கப் பத்திரிகையில் சம்பளத்தைப் பேசாமல் வாத்தைப் பேசுகிறார்களே என்று சில தலைவர்மார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவானது. அதற்கு எத்தனை வருடம் இழுத்தடித்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். 2023இல் முட்டை விலை ஏறி, அரசாங்கமே இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தபோது நம் பிள்ளைகளின் சோற்றுக் கோப்பையில் முட்டை இருந்ததா? லயத்துப் பின்பக்கம் நாலு உயிர் வளர்ப்பது நமக்கு விளையாட்டு இல்லை.

அதற்காக வாத்து வளர்த்தால் வாழ்வு மாறிவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். முட்டைக்காக வளர்ப்பதென்றால் கோழியே மேல். சாதாரண பெட்டை வாத்து வருடத்துக்கு முப்பது நாற்பது முட்டை இட்டாலே பெரிய காரியம், அதுவும் பருவத்தில் மட்டும். அடைக்கு வைத்தால் குஞ்சு பொரிக்க 28 முதல் 30 நாள் செல்லும். வாத்தின் வசதி தீனியில்தான் இருக்கிறது. அது மாடு மாதிரி புல் மேயும்; குஞ்சுப் பருவம் தாண்டிவிட்டால் கடைத் தீனிக்குப் பெரிதாகச் செலவில்லை. அமெரிக்காவில் பருத்திக் காட்டில் புல் களையை எடுக்க ஒரு காலத்தில் வாத்துக் கூட்டத்தையே இறக்கி விட்டிருக்கிறார்கள். நம் பக்கம் புல்லுக்கா பஞ்சம்? ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: களைக்கு மருந்து அடித்த மலைப் பக்கம் வாத்தை விடக் கூடாது. எந்த மலைக்கு எந்த நாள் மருந்து அடிக்கிறார்கள் என்று பிரட்டில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அது வாத்துக்கு மட்டுமல்ல, நமக்கும்தான்.

இரண்டாவது வசதி அதன் குரல். ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் என்ற ஊரில் விஸ்கிக் கிடங்குகளுக்கு 1959 முதல் பல வருடம் வாத்துக் கூட்டம்தான் காவல். (லூல்கந்துரையில் 1867இல் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்த நாட்டுக்காரர்தான், வாத்து வளர்க்கும் புத்தியை அவர் இங்கே கொண்டுவரவில்லை போலும்.) ஆனால் காவல் என்றால் சத்தம் போடும், அவ்வளவுதான். நாய் கூட்டமாக வந்தாலோ சிறுத்தை வந்தாலோ வாத்தால் எதிர்த்து நிற்க முடியாது. வாத்து இருந்தால் பாம்பு வராது என்பதை நம்பி, பிள்ளைகளைப் புல்லுக்குள் விளையாட விடவும் கூடாது.

எது பிடிக்கிறது என்று தெரியாமல் கூடு அடித்துப் பயனில்லை. நம் தோட்டங்களில் அதிக வாத்தையும் கோழியையும் கொல்வது காட்டு மிருகம் அல்ல, நாய். நாய் பசிக்குக் கொல்வது குறைவு. கண்டபடி கடித்துப் போட்டுவிட்டுப் போய்விடும். கானுக்குள் கிடந்த அந்த இரண்டையும் பார்த்தவர்கள் நாய்க் கடி என்றுதான் சொன்னார்கள். அது பக்கத்து வீட்டு நாயா, ரோட்டு நாயா என்று யாரால் சொல்ல முடியும்? கீரி பகலிலேயே வரும். முட்டையும் குஞ்சும்தான் அதன் குறி. மரநாய் இரவில் கூரை வழியாக இறங்கும். தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கை நுழையும் சந்து இருந்தால் அதற்குப் போதும். ஓடைப் பக்கத்து லயங்களுக்கு ஹந்துன் திவியா என்று சிங்களத்தில் சொல்லும் காட்டுப்பூனை வரும். கபரகொய்யா முட்டையைத் தேடி வரும். மலைப்பாம்பு உள்ளே புகுந்து ஒன்றை விழுங்கிவிட்டு, வயிறு பெருத்ததால் வந்த ஓட்டையில் திரும்பப் போக முடியாமல் விடியும்வரை அங்கேயே சுருண்டு கிடக்கும். குஞ்சுகளுக்கு முதல் ஒன்றரை மாதம் காகமும் பருந்தும்கூட எமன்.

இவை எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான்: இருட்டுமுன் கதவடைக்கும் கூடு. வாத்து கோழியைப் போல் கம்பில் ஏறிப் படுக்காது, தரையில்தான் படுக்கும். அதனால் கூட்டின் அடி கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு வாத்துக்குக் குறைந்தது 5 சதுர அடி கொடுங்கள். கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், நாயை வெளியே வைக்காது. நாய் அதைப் பல்லாலேயே கிழித்துவிடும். கீழ்ப்பாதிக்காவது அரை அங்குலக் கண் உள்ள வெல்ட்மெஷ் அடித்து, அதன் அடியை ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் இறக்குங்கள். பாறையாக இருந்து தோண்ட முடியாவிட்டால் வலையை வெளிப்பக்கமாக மடித்து மேலே கல் பரப்பினாலும் போதும். தோண்ட வரும் மிருகம் சுவரோரம்தான் தோண்டும். தகரம் வாங்க வசதி இல்லாதவர்கள் கதவிலாவது கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கயிறு கட்டிய கதவு கதவே இல்லை, கொண்டி வேண்டும்.

இரத்தினபுரி மாவட்டத்து மழை நமக்குத் தெரியும். ஒரு பருவம் விட்டால் இன்னொரு பருவம். வாத்து தண்ணீர்ப் பறவை என்று நினைத்து ஈரத்தில் படுக்க விடுகிறார்கள், அது தவறு. பகலில் தலை முங்கும் அளவுக்கு ஒரு பேசினில் தண்ணீர் போதும், இரவில் காய்ந்த தரை வேண்டும். மரத்தூளோ காய்ந்த புல்லோ போட்டு அடிக்கடி மாற்றுங்கள். சிந்திய தீனிக்கு எலி வரும், எலி வந்தால் எலிக்காய்ச்சல் பயம். ஆகவே மாலையில் மிச்சத் தீனியை அள்ளிவிட வேண்டும். கூட்டுக் கழிவைப் பொதுக் கானுக்குள் தள்ளாமல் குழியில் போட்டால் மரக்கறிப் பாத்திக்கு உரமாகும், அடுத்த காம்பராவோடு சண்டையும் வராது. கைவிட்ட மாணிக்கக் குழிகள் உள்ள பக்கம் மேய விடாதீர்கள். வாத்தைத் தேடி ஓடுவது பிள்ளைகள்தான்.

இப்படி ஒரு கூடு அடிக்க எட்டடிக்கு ஆறடி நிலம் போதும். அந்த நிலத்துக்குத்தான் நமக்கு வழியில்லை. தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போயின. லயமும் லயத்துப் பின்பக்கமும் சேர்ந்தே போயின. தனி வீட்டுக்கு 7 பேர்ச் என்று பேசினார்கள்; புதிய கிராமங்களுக்கு என்று 2018இல் 32ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. சப்ரகமுவவில் சிதறிக் கிடக்கும் சிறு தோட்டங்களில் எத்தனை குடும்பம் அந்த 7 பேர்ச்சைக் கண்ணால் கண்டிருக்கிறது? பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பம் வேலியோரம் வாத்துக்குச் சீமெந்துத் தரையே போட்டிருக்கிறது, யாரும் வந்து பிரிக்கச் சொல்வதில்லை. நமக்கு மட்டும் நாலு பலகைக்குக் கடிதம்.

கூடு இல்லாததால்தான் கம்பி வருகிறது. இதை நம் அங்கத்தவர்களிடம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சுருக்குக் கம்பிக்கு ஆள் அடையாளம் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் கம்பி சிறுத்தைக்கு வைத்ததா, பன்றிக்கு வைத்ததா என்பது செத்ததற்குத் தெரியுமா? சிறுத்தை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மிருகம். வழக்கென்று வந்தால் நீதிமன்றத்தில் நிற்பது தொழிலாளி, கூட்டைப் பிரிக்கச் சொன்னவர் அல்ல. திருட்டு மின்சாரம் இழுத்துக் கம்பி கட்டுவது அதைவிட மோசம். விடியும் முன் பால் வெட்டப் போகிறவர்கள் நடக்கும் பாதை அது. நான்கு வாத்துக்காக ஓர் ஆள் சாக வேண்டாம்.

இன்னொரு பயமும் நமக்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. நாளை சம்பளப் பேச்சில், உங்கள் ஆட்கள் வாத்து வளர்க்கிறார்கள், மரக்கறி போடுகிறார்கள், பக்க வருமானம் இருக்கிறதே என்று ஒரு கணக்கு வைப்பார்கள். அந்தக் கணக்கை நாம் ஏற்கப் போவதில்லை. கொழுந்துக்கும் பாலுக்கும் உரிய கூலி கொழுந்துக்கும் பாலுக்கும்தான். வேலை முடிந்து வந்து வாத்துக்குப் புல் அறுப்பது அந்த அம்மாவின் உழைப்பு, கம்பனி கொடுத்த சலுகை அல்ல.

ஆகவே பெல்மதுளைப் பகுதித் தோட்டக் கமிட்டிகளிடம் நாங்கள் கேட்பது சிறிய விடயம். அடுத்த கூட்டத்தில், காம்பராவுக்கு ஒரு கூடு என்ற கோரிக்கையை எழுத்தில் வையுங்கள்: அளவு இது, இடம் இது, கானிலிருந்து இவ்வளவு தூரம் என்று நாமே ஒழுங்கு போட்டுக் கொடுப்போம். வாய்ச்சொல்லாகக் கேட்டால் வாய்ச்சொல்லாகவே மறுப்பார்கள். லயத்துக்குள் நாய் வைத்திருப்பவர்கள் இரவில் கட்டி வைப்பதையும் அதே கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள்; அதற்கு நிர்வாகத்தின் அனுமதி தேவையில்லை.

அந்தத் தொங்கல் காம்பராவுக்காகக் கொடுத்த கடிதத்துக்கு இதை எழுதும்வரை பதில் இல்லை. மிஞ்சிய ஒரு பெட்டை வாத்து இப்போது குசினிக்குள் அடுப்போரம் படுக்கிறது. நிர்வாகம் பயந்ததற்கு மாறாக, கூடு குசினியாகவில்லை, குசினிதான் கூடாகியிருக்கிறது.