கால் முறிந்த குதிரை

சித்திரை விடுமுறை கழிந்து கல்லூரி மீண்டும் தொடங்கிய முதற் கிழமை, எம் வகுப்பு மாணவன் ஒருவன் எம்மை நாடி வந்தான். குடும்பத்தாருடன் நுவரெலியாவுக்குச் சென்று, ஆங்கு வசந்த காலத்தில் நடைபெறும் குதிரைப் பந்தயத்தைக் கண்டு களித்து மீண்டவன் அவன். அந்தச் சுவை அவனை விட்டபாடில்லை. வீடு திரும்பியபின் அயல்நாட்டுப் பந்தயங்களைக் கைத்தொலைபேசியில் தேடித் தேடிப் பார்த்திருக்கிறான். அவற்றுள் ஒன்றில், முன்னணியில் வந்த குதிரையொன்று திடீரெனத் தடுமாறி நின்றது. ஆட்கள் ஓடி வந்து அதனைச் சுற்றித் திரை பிடித்தனர். திரைக்குப் பின்னால் நடந்தது யாதென்பதைப் பையன் பின்னர் அறிந்துகொண்டான்.

“சேர், மனிசருக்குக் கால் முறிஞ்சால் பரியாரியார் பத்துப் போட்டு ரெண்டு மாசத்திலை நடக்க வைக்கிறார். குதிரைக்கு மட்டும் ஏன் ஏலாது? ஏன் கொல்லுகினம்?” என்று கேட்டான்.

நல்ல வினா. விடையை அவனுக்கு மட்டும் கூறி முடிக்க எமக்கு மனம் வரவில்லை.

பந்தயக் குதிரையின் நிறை ஏறத்தாழ 500 கிலோகிராம். அவ்வளவையும் தாங்கும் கால், முழங்காலுக்குக் கீழே எலும்பும் தசைநாணும் தோலுமன்றி வேறன்று. நம் கையிலே நடுவிரல் எதுவோ அதுவே குதிரையின் முன்னங்கால் நுனி. ஏனைய விரல்கள் பரிணாமப் பாதையில் தேய்ந்தொழிந்தன. எஞ்சிய அவ்வொற்றை விரலின் நகமே குளம்பு. முழுவேகப் பாய்ச்சலில் உடலின் பாரத்தைப் போல் இரு மடங்குக்கும் மேலான விசை ஒரு கணம் ஒரே காலில் இறங்குகின்றது. அவ்வேளை முறியும் எலும்பு பெரும்பாலும் இரண்டாக முறிவதில்லை, சிதறுகின்றது. சதைப்பற்று இல்லாத இடமாதலால் கூரிய துண்டுகள் தோலைக் கிழிக்கின்றன. இரத்த ஓட்டமும் ஆங்குக் குறைவு.

மனிதனைக் கட்டிலிற் கிடத்திவிடலாம். குதிரையை நாட்கணக்கிற் கிடத்தினால் அதன் தசையும் நுரையீரலும் பழுதடையும். நிற்க வைத்தாலோ, முறிந்த காலின் பாரத்தையும் நல்ல கால்கள் சேர்த்துத் தாங்கவேண்டும். குளம்பையும் உள்ளெலும்பையும் பிணைத்து நிற்கும் மென்படலம் அப்பாரத்தால் அழன்று பிரியத் தொடங்கும். லமினைற்றிஸ் என மிருக வைத்தியர் கூறும் கொடிய நோய் இதுவே. முறிந்த கால் ஆறிவரும்போதே முறியாத கால் அழிந்துபோகும்.

பார்பாரோ என்னும் குதிரையின் வரலாறு இதற்குச் சான்று. 2006ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் கென்ரக்கி டேர்பிப் பந்தயத்தில் ஆறரைக் குதிரை நீள வித்தியாசத்தில் வென்ற குதிரை அது. இரண்டு கிழமைக்குப்பின் அடுத்த பெரும் பந்தயத்தில், தொடங்கிய சிறிது தூரத்திலேயே பின்னங்கால் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. உரிமையாளர் செல்வர், செலவுக்கு அஞ்சவில்லை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் உலோகத் தகடும் 27 திருகாணிகளும் வைத்து எலும்பைப் பொருத்தினர். கால் தேறியும் வந்தது. ஆனால் யூலை மாதத்தில் மற்றைப் பின்னங்காலின் குளம்பிலே அந்நோய் கண்டது. எட்டு மாதப் போராட்டத்தின் பின், 2007 சனவரி 29இல் அதனை உறங்க வைத்தனர். எல்லா வசதியும் வாய்த்த குதிரையின் கதியே இதுவென்றால், திரை பிடித்தவர்களைக் கொடியோர் என்று எவ்வாறு கூறுவது?

மாணவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், “அப்ப ஓட விடாமல் இருக்கிறதுதான் வழியோ, சேர்?” என்றான். அவ்வாறு கூறுவோர் அந்நாடுகளிலும் பலர் உளர். அவர்தம் வாதத்தை நாம் எளிதிற் தள்ளிவிடமாட்டோம். ஆயினும் முறிவை விதியென்று கொள்வதிலே ஒரு பிழையுண்டு. அது பெரும்பாலும் திடீரென வருவதன்று என்பதை அண்மைக்கால ஆராய்ச்சி தெளிவாக்கியிருக்கின்றது.

கலிபோணியாவிலே சான்ரா அனிற்றா என்னும் புகழ்பெற்ற பந்தயத்திடல் உண்டு. 2018 டிசெம்பர் இறுதியில் தொடங்கிய பருவத்தில் ஆங்குக் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. மூன்று மாதத்தில் 23. பெருமழையால் நிலம் இறுகியதோ என ஐயுற்று, 2019 மார்ச்சில் திடலை மூடி மண்ணைச் சோதித்தனர். குற்றமிழைத்தார் எவரையும் வழக்கறிஞர்கள் காணவில்லை; தடைசெய்யப்பட்ட மருந்தும் அகப்படவில்லை. ஆனால், மாண்ட குதிரைகளின் எலும்புகளை ஆராய்ந்த மாநிலச் சபை 2020இல் வெளியிட்ட அறிக்கையிலே, 23இல் 21 குதிரைகளுக்கு முன்னமே பழுது இருந்தமை புலனாயிற்று. கடும் பயிற்சியால் எலும்பிலே நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். உடல் பழைய எலும்பை அரித்து நீக்கியே புதிய எலும்பை இடும். அந்த இடைக்காலத்தில் எலும்பு முன்னையினும் வலுக்குறைந்தே இருக்கும். ஓய்வு கொடுத்தால் ஆறும். கொடாமல் ஓட்டினால் முறியும். ஓய்வெடுத்த குதிரையை அவசரப்பட்டு மீண்டும் விரைவாக ஓட்டுதலும் அவ்வாறே தீங்கானது.

வாயில்லாப் பிராணி நொண்டியாயினும் தன் நோவைச் சொல்லும். அச்சொல்லையும் அடக்கிவிடும் மருந்துகள் உண்டு. மூட்டுக்குள் ஊசி ஏற்றினால் நொண்டல் மறையும், வெடிப்பு மறையாது. எம்மைக் கேட்டால், சவுக்கினும் கொடியது இந்த ஊசி என்போம்.

சான்ரா அனிற்றாத் திடலில் 2019 டிசெம்பரில், குதிரை நின்றபடியே அதன் காலைப் படம்பிடிக்கும் பெற் ஸ்கான் கருவியை நிறுவினர். சாதாரண எக்ஸ்ரேயில் தோன்றாத ஆரம்பப் பழுதும் அதிலே சுடர்போல் ஒளிரும். அவுஸ்திரேலியாவிலும், 2020 மெல்பேண் கிண்ணப் பந்தயத்தில் அந்தனி வான் டைக் என்னும் குதிரை மாண்டபின், அயல்நாட்டிலிருந்து வரும் குதிரைகளின் கால்களை ஸ்கான் செய்த பின்னரே ஓட விடுகின்றனர்.

மாநிலத்துக்கொரு விதி என்றிருந்த அமெரிக்காவில், 2020 டிசெம்பரில் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கையொப்பமாகி, 2022 யூலையில் அதன் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. பந்தயத்துக்கு முந்திய 14 நாட்களுக்குள் மூட்டில் ஊசி ஏற்றலாகாது. ஒரு பந்தயத்தில் ஆறு முறைக்குமேற் சவுக்கால் அடிக்கலாகாது. நோர்வே நாட்டினர் 1982ஆம் ஆண்டிலேயே சவுக்கடியை விலக்கத் தொடங்கினர் என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம்.

பயன் உண்டா? அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டில் ஆயிரம் ஓட்டத்துக்கு இரண்டு குதிரைகள் மாண்டன. 2022இல் அது 1.25 ஆயிற்று. புதிய சட்டத்துக்குட்பட்ட திடல்களில் 2024இல் 0.90. ஆனால் இக்கணக்குப் பந்தய நாளில் நேர்ந்தவற்றுக்கே உரியது; விடியற்காலைப் பயிற்சியிலே விழுந்த குதிரைகள் இதிற் சேரா. சட்டம் வந்தபின்னும் 2023 வசந்தத்தில் கென்ரக்கியின் சேர்ச்சில் டவுன்ஸ் திடலில் ஒரு மாத காலத்துக்குள் 12 குதிரைகள் மாண்டு, எஞ்சிய பந்தயங்களை வேறிடத்துக்கு மாற்ற நேர்ந்தது.

இங்கிலாந்தின் கிராண்ட் நாஷனல் பந்தயம் வேலி தாண்டி ஓடுவது. வேலிகளின் உள்ளே இருந்த மரக்கட்டைகளை 2013இல் நீக்கி வளையுந் தன்மையுள்ள பொருளை வைத்தனர். நாற்பதாயிருந்த குதிரைகளின் தொகையை 2024இல் 34 ஆகக் குறைத்தனர். அவ்வாண்டு ஒரு குதிரையும் விழவில்லை. அடுத்த ஆண்டோ, கடைசி வேலியைத் தாண்டியபின் சரிந்த பதின்மூன்று வயதுக் குதிரையொன்று சில நாட்களில் இறந்தது.

பிறநாட்டாரைச் சொல்லும்போது நம்மவரையும் சொல்லவேண்டுமன்றோ? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் குதிரைகளைக் கடல்வழியே வாங்கினரென்றும், பேணும் முறை அறிந்தார் இன்மையால் அவற்றுட் பெரும்பாலன ஆண்டு முடியுமுன் மாண்டனவென்றும் குறித்து வைத்திருக்கிறான். நரியைப் பரியாக்கிய திருவிளையாடலைப் பத்தியோடு கேட்கும் நாம், பொன் கொடுத்து வாங்கிய அந்தப் பரிகளின் கதியைக் கேட்பதில்லை.

காலே முறியாமல் ஓடி முடித்த குதிரைக்கும் ஒரு கண்டம் உண்டு. அது முதுமை. 1986இல் கென்ரக்கி டேர்பியை வென்ற பேர்டினன்ட் என்னும் குதிரை பின்னர் யப்பானுக்கு விற்கப்பட்டது. ஆங்கு இனவிருத்திக்குப் பயன்படாதென்று கண்டபின், 2002இல் இறைச்சிக்காக வெட்டப்பட்டது. செய்தி மறு ஆண்டு அமெரிக்காவுக்கு எட்டியபோது மக்கள் கொதித்தெழுந்தனர். விற்ற குதிரையைத் தாமே திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சிலர் ஒப்பந்தத்தில் எழுதத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே கென்ரக்கியில், ஓடி ஓய்ந்த குதிரைகளுக்கென ஓல்ட் பிரண்ட்ஸ் என்னும் பண்ணை தோன்றியது. 1997இல் அதே பந்தயத்தை வென்று, அதே யப்பானுக்குச் சென்ற சில்வர் சாம் என்னும் வெண்சாம்பற் குதிரை, 2014 டிசெம்பரில் கடல் கடந்து அப்பண்ணைக்குத் திரும்பி வந்தது.

மாணவன் அந்தப் பெயரை மட்டும் இன்னொரு முறை கேட்டு, கொப்பியில் எழுதிக்கொண்டான்.