நடுவரைத் திட்டி முடிச்சாச்சு, மத்தவங்க கணக்கு?

வழக்கமா இங்க தொண்டு அட்டவணையும் அன்னதானப் பட்டியலும்தான் போடுவோம். இன்னைக்குக் காற்பந்து. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கணும்.

போன ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவுற இடத்துல நம்ம பிள்ளைங்க ரெண்டு பேருக்குள்ள பெரிய வாக்குவாதம். ஒருத்தன் டோர்ட்முண்ட் பக்கம், மஞ்சள் ஜெர்சி. இன்னொருத்தன் பாயர்ன் மியூனிக். சண்டை 2023-ல் முடிஞ்சுபோன ஜெர்மன் லீக் சீசனைப் பத்தி. ஆனா அவங்களுக்கு என்னமோ நேத்து ராத்திரி நடந்த மாதிரி. "எங்க கப்பை நடுவர் திருடிட்டாரு"ன்னு மஞ்சள் தம்பி கத்துறான். "அது கப் இல்லடா, தட்டு"ன்னு பாயர்ன் தம்பி கையில இருந்த எவர்சில்வர் தட்டையே தூக்கிக் காட்டுறான். (உண்மைதான். ஜெர்மன் லீக் வெற்றியாளருக்குக் கொடுக்கிறது வெள்ளித் தட்டுதான்.) சிரிச்சுக்கிட்டே ஆரம்பிச்சது, கடைசியில அந்த நடுவரோட குடும்பத்தை இழுத்துப் பேசுற அளவுக்குப் போயிருச்சு. அங்கதான் நாங்க குறுக்கே போனோம். போனதுக்குக் காரணம் இருக்கு, பின்னாடி சொல்றோம்.

முதல்ல நடந்ததைச் சொல்லிடுறோம். 2023 ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமை. நமக்கு விடிஞ்சா சனி, அதிகாலை இரண்டரை மணி. போஹும் திடலில் டோர்ட்முண்ட் ஆடுது. லீக்ல அப்ப டோர்ட்முண்ட்தான் முதல் இடம். ஆரம்பத்திலேயே ஆளுக்கு ஒரு கோல், 1-1. இரண்டாம் பாதியில் டோர்ட்முண்டின் கரீம் அடெயெமி பெட்டிக்குள்ள ஓடுறார், போஹும் தற்காப்பு ஆட்டக்காரர் சோவாரஸ் அவரைச் சாய்ச்சுடுறார். நாங்க தொலைக்காட்சியில பார்த்தோம், தெளிவான பெனால்டி. நடுவர் சாஷா ஸ்டேகெமன் கொடுக்கலை. கொலோன் நகரத்துல திரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும் விஏஆர் நடுவரும் அவரைக் கூப்பிட்டு "வந்து பாருங்க"ன்னு சொல்லலை. ஆட்டம் 1-1-லேயே முடிஞ்சது.

மஞ்சள் தம்பியோட கணக்கு தப்பில்லை, அதையும் சொல்லிடணும். சீசன் முடிவில் பாயர்ன் 71 புள்ளி, டோர்ட்முண்டும் 71 புள்ளி. கோல் வித்தியாசத்துல பாயர்ன் தட்டை எடுத்துட்டுப் போயிருச்சு. போஹும்ல அந்தப் பெனால்டி கிடைச்சு, உள்ள போயி, ஆட்டத்தை ஜெயிச்சிருந்தா இன்னும் ரெண்டு புள்ளி. 73. கதை வேற. அதனால "நடுவர் தப்பே பண்ணலை"ன்னு பாயர்ன் தம்பி சாதிச்சதை நாங்க ஒத்துக்க மாட்டோம். தப்புதான். அந்த ஸ்டேகெமனே பிறகு வெளிப்படையாச் சொன்னார், தன் முடிவு தவறுன்னு.

ஆனா தம்பி கணக்கு போஹும்லயே நின்னு போகுது. எங்க கேள்வியே அதுதான். அதே சீசன்ல இன்னும் ரெண்டு புள்ளி எங்கெங்க விழுந்துச்சுன்னு அவன் எண்ணவே இல்லை.

போஹும் ஆட்டத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஏப்ரல் 15. ஷ்டுட்கார்ட். கீழ் லீக்குக்கு இறங்கிப் போயிடுவோமோன்னு பயந்துக்கிட்டிருந்த அணி, பயிற்சியாளரும் வந்து சில நாள்தான். டோர்ட்முண்ட் 2-0 முன்னணி. முதல் பாதி முடியறதுக்குள்ள ஷ்டுட்கார்ட்டின் மாவ்ரோபனோஸ் சிவப்பு அட்டை வாங்கிப் போயிட்டார். அந்தப் பக்கம் பத்து பேர். இதுக்கு மேல என்ன வேணும்? கடைசிப் பன்னிரண்டு நிமிஷத்துக்குள்ள 2-2. கூடுதல் நேரத்துல ரெய்னா ஒரு கோல் போட்டு 3-2 ஆக்கினார். அப்பாடான்னு உட்கார்ந்தா, 97-வது நிமிஷத்துல சிலாஸ் அடிச்சு 3-3. பத்து பேர்கிட்ட மூணு கோல் வாங்கினாங்க. அங்கயும் போனது அதே ரெண்டு புள்ளிதான். அந்த ரெண்டு புள்ளிக்கு எந்த நடுவரைத் திட்டுறது? முன்னணியில இருக்கும்போது பந்தை வச்சுக்கிட்டு நேரத்தை ஓட்டத் தெரியலை, 3-2 ஆன பிறகும் பின்னாடி ஒழுங்கா நிக்கத் தெரியலை. இது பயிற்சியாளர் டெர்சிச் கணக்குலயும் ஆட்டக்காரர்கள் கணக்குலயும் எழுத வேண்டியது. ஆனா ஷ்டுட்கார்ட் பேரைச் சொன்னா மஞ்சள் தம்பி முகத்தைத் திருப்பிக்கிறான்.

அதுக்கு முன்னாடி, ஏப்ரல் 1. மியூனிக்ல நேருக்கு நேர். டோர்ட்முண்ட் ஒரு புள்ளி முன்னால இருந்துச்சு. பாயர்ன்ல இருந்து உபமெகானோ தூரத்துல இருந்து அனுப்பின பந்தை கோல்கீப்பர் கோபல் உதைக்கப் போய் தவற விட்டார், பந்து பாட்டுக்கு உள்ள போயிருச்சு. முடிவு 4-2. கோபல் அந்த சீசன்ல எத்தனையோ ஆட்டத்தைக் காப்பாத்தினவர். அவரை யாரும் "திருடன்"னு சொல்லலை. சொல்லவும் கூடாது. ஒரு ஆளுக்குக் கால் வழுக்கினா அது பிழை, இன்னொரு ஆளுக்குக் கண்ணு வழுக்கினா மட்டும் அது திருட்டா?

கடைசி நாள் மே 27. நமக்கு சனிக்கிழமை இரவு ஒன்பதரை. மாமாக் கடையில நாற்காலி கிடைக்கலை. டோர்ட்முண்ட் 70, பாயர்ன் 68. சொந்தத் திடலில் மைன்ஸை ஜெயிச்சாப் போதும். கால் மணி நேரத்துல மைன்ஸ் ஒரு கோல். பிறகு டோர்ட்முண்டுக்குப் பெனால்டி. ஆமா, இந்த முறை கொடுத்தாங்க. செபாஸ்டியன் ஹாலர் உதைச்சார், மைன்ஸ் கீப்பர் பிடிச்சிட்டார். கொஞ்ச நேரத்துல 0-2. கடைசி வரைக்கும் போராடி 2-2 வந்தாங்க, அதுக்கு மேல முடியலை. அந்தப் பக்கம் கொலோன்ல பாயர்னுக்கும் நிம்மதி இல்லை. கொலோன் 81-வது நிமிஷத்துல பெனால்டியில சமன் பண்ணிட்டாங்க, அந்த நேரம் தட்டு டோர்ட்முண்ட் கையில. 89-ல் முசியாலா அடிச்சார், தட்டு கை மாறிருச்சு.

ஹாலரைப் பத்தி ஒரு வார்த்தை. அந்த சீசன் ஆரம்பிக்கும்போது அவருக்குப் புற்றுநோய். சிகிச்சை முடிச்சு ஜனவரியிலதான் திடலுக்குத் திரும்பினார். அவர் தவற விட்டதுக்கு அந்தத் திடலே அவரைத் திட்டலை. ஆட்டம் முடிஞ்ச பிறகு சுமார் 25,000 பேர் நிக்கிற தெற்கு மேடைக்கு முன்னாடி டெர்சிச் கண்ணீரோட போய் நின்னார், கூட்டம் கைதட்டிப் பாடிச்சு. அதைப் பார்த்து எங்களுக்கும் தொண்டை அடைச்சது. அப்ப யோசிச்சோம், இந்த இரக்கத்துல ஒரு கரண்டி ஸ்டேகெமனுக்கு ஊத்தியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்னு.

இப்ப பாயர்ன் தம்பி பக்கம் வருவோம், அவனும் தப்பிக்க முடியாது. அதே 2023 பிப்ரவரியில் கிளாட்பாக் ஆட்டம். எட்டாவது நிமிஷமே உபமெகானோவுக்கு சிவப்பு அட்டை, பாயர்ன் 3-2 தோல்வி. அப்போதைய பயிற்சியாளர் நாகல்ஸ்மன் நடுவர்களோட அறைக்கே போயிட்டார், வெளிய வரும்போது கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கத்தினார். பிறகு மன்னிப்புக் கேட்டார், அபராதமும் கட்டினார். மார்ச்சுல லெவர்குசன் ஆட்டம். நடுவர் ஸ்டீலர், லெவர்குசனோட அட்லிக்கு "நடிச்சு விழுந்தாய்"னு மஞ்சள் அட்டை காட்டினார், ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் விஏஆர் கூப்பிட்டுத் திரையைக் காட்ட, அட்டையைத் திரும்ப வாங்கிட்டுப் பெனால்டி கொடுத்தார். ரெண்டும் கோல். பாயர்ன் 2-1 தோல்வி. அந்த வாரமே நாகல்ஸ்மன் வேலை போச்சு, டூகல் வந்தார். பாருங்க, விஏஆர் மட்டும் இல்லைன்னா அன்னைக்கு லெவர்குசனுக்கு ரெண்டு அநியாயம் நடந்திருக்கும், பாயர்ன்காரங்க அதை "அதிர்ஷ்டம்"னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க.

ஆக லெவர்குசன்ல வேலை செஞ்ச கருவி போஹும்ல ஏன் வேலை செய்யலை? எங்களுக்குப் பெரிய படிப்பு கிடையாது, ஆனா இது தொழிற்சாலையில தினம் பார்க்கிற விஷயம். ஒரு காலத்துல எங்க லைன்ல ஒரே ஒரு ஆள்தான் சரக்கைப் பார்ப்பார். ரிஜெக்ட் அதிகமாச்சுன்னு மேல இருக்கிறவங்க இன்னொரு கியூசி ஆளைப் போட்டாங்க. ரெண்டு பேர் பார்த்தா தப்பு பாதியாயிடும்னு எல்லாரும் நினைச்சோம். நடந்தது என்ன? முதல் ஆள், "பின்னால ஒருத்தர் இருக்காரே, அவர் பிடிச்சுக்குவார்"னு விட்டுடுவார். ரெண்டாவது ஆள், "முன்னாடி சாப் குத்தியிருக்கே, சரியாத்தான் இருக்கும்"னு விட்டுடுவார். ஒரு முறை மொத்தப் பெட்டியும் திரும்பி வந்துச்சு. திட்டு வாங்கினது கடைசியா சாப் குத்தின பொண்ணு மட்டும்தான். அன்னைக்கு அவ சார்புல நாங்க வாயே திறக்கலை. இன்னைக்கும் உறுத்துது.

2017-ல ஜெர்மன் லீக்ல விஏஆர் வந்தப்ப இதே நிலைதான். திடல்ல இருக்கிறவர் கொலோனை நம்புறார், கொலோன்ல இருக்கிறவர் திடலை நம்புறார். விஏஆர் எல்லாத்துலயும் தலையிடக்கூடாது, கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுறது, இதுல தெளிவான பிழை இருந்தாத்தான் பேசணும்னு விதி. அந்தத் "தெளிவான" என்கிற ஒரு சொல்லுக்குத்தான் வாராவாரம் சண்டை. யாருக்குத் தெளிவு? 2018 ஏப்ரல்ல மைன்ஸும் ஃபிரைபுர்க்கும் ஆடினப்ப, இடைவேளைன்னு ஆட்டக்காரங்க உள்ளே போன பிறகு, நடுவர் அவங்களைத் திரும்ப வெளியே கூப்பிட்டுப் பெனால்டி கொடுத்தார். பந்து கையில பட்டது உண்மை. முடிவு விதிப்படி சரி. ஆனா ஊரே சிரிச்சது.

அதுக்காகப் பழைய காலமே நல்லதுன்னும் சொல்ல முடியாது. 2013-ல ஹோஃபன்ஹைம் திடலில் லெவர்குசனோட கீஸ்லிங் தலையால முட்டின பந்து வெளிய போயி, பக்கவாட்டு வலையில இருந்த ஓட்டை வழியா உள்ள நுழைஞ்சது. கோல்னு கொடுத்துட்டாங்க, அந்த முடிவு அப்படியே நின்னுச்சு. 1994-ல பாயர்னோட ஹெல்மர், கம்பத்துக்கு வெளிய தள்ளின பந்துக்கே கோல் கொடுத்தாங்க. நூரன்பெர்க் முறையிட்டு மறுஆட்டம் வாங்கிச்சு. முதல் ஆட்டத்துல 2-1-ன்னு தோத்தவங்க மறுஆட்டத்துல 5-0-ன்னு தோத்தாங்க, அந்த வருஷமே கீழ் லீக்குக்கும் போயிட்டாங்க. நியாயம் கிடைச்சும் கோல் கிடைக்கலை.

நாங்க ஏன் குறுக்கே போனோம்னு சொல்றதா சொன்னோமில்ல? அந்தப் போஹும் ஆட்டம் முடிஞ்சப்ப விடிகாலை நாலரை. ஏழு மணிக்கு ஷிப்ட். தூக்கமில்லாத கோபத்துல, ஸ்டேகெமன் படத்தோட ஒரு அசிங்கமான வாசகம் சுத்திக்கிட்டிருந்துச்சு. நாங்களும் வாட்சப்ல நாலு குழுவுக்குத் தள்ளி விட்டோம். சிரிச்ச முகம் போட்டு. ரெண்டு நாள் கழிச்சுச் செய்தி வருது, அந்த மனுஷனுக்குக் கொலை மிரட்டல், குடும்பத்தையும் சேர்த்து, போலீஸ்வரைக்கும் போயிருக்குன்னு. நாங்க தள்ளினது தமிழ்ல, அவர் கண்ணுல பட்டிருக்காதுன்னு சமாதானம் சொல்லிக்கலாம். சொல்லிப் பார்த்தோம், ஒட்டலை. அந்த சீசன் முழுக்க, ஷ்டுட்கார்ட்ல கோட்டை விட்டவங்களையும் சேர்த்து, "இது என் தப்பு"ன்னு அவ்வளவு நேரா வந்து சொன்ன ஆளா எங்களுக்கு நினைவுல நிக்கிறவர் அவர் ஒருத்தர்தான். அவரைத்தான் நாம மிரட்டினோம்.

எங்க கருத்து இதுதான். நடுவர் பிழை பண்ணினா பிழைன்னு சத்தமாச் சொல்லலாம். அடுத்த சில வாரம் அவருக்கு ஆட்டம் கொடுக்க வேண்டாம்னு கேட்கலாம். கொலோன்ல உட்கார்ந்திருந்தவர் பேரையும் சேர்த்துக் கேட்கணும், ஏன்னா ரெண்டு சாப் இருக்கு. அதே சத்தத்துல, 2-0-ல இருந்து 3-3 ஆக்கின பயிற்சியாளரையும் கேட்கணும். 2025-ல இருந்து ஜெர்மன் லீக் நடுவர்கள் திரையைப் பார்த்த பிறகு ஒலிபெருக்கியில முடிவையும் காரணத்தையும் திடல் முழுக்கக் கேட்கச் சொல்றாங்க. எங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு. சொல்லி முடிச்ச பிறகும் கூட்டம் கூச்சல் போடுது, அது வேற விஷயம். ஆனா என்ன நினைச்சு ஊதினார்னு தெரியுது.

பாத்திரம் கழுவுற இடத்துல இதையெல்லாம் சொன்னோம். பாயர்ன் தம்பி தலையாட்டினான். மஞ்சள் தம்பி, "அண்ணே, எல்லாம் சரி, ஆனா அது பெனால்டிதானே?"ன்னான். பெனால்டிதான்டா தம்பி, நாங்க எப்ப இல்லைன்னோம்.

இப்ப மாமாக் கடையில ஒரு விதி வச்சிருக்கோம். ஆட்டம் பார்க்கும்போது நடுவரோட வீட்டு ஆளுங்களை இழுத்துத் திட்டினா, மேசைக்கே தே தாரிக் வாங்கிக் கொடுக்கணும். நடுவரை மட்டும் திட்டினா இலவசம். இதுவரைக்கும் மஞ்சள் தம்பி ரெண்டு தடவை வாங்கிக் கொடுத்திருக்கான், பாயர்ன் தம்பி மூணு. எங்க பேர்லயும் ஒண்ணு எழுதியிருக்காங்க. அந்த நாலு குழுவுக்கு அனுப்பினதுக்கு.