சர்க்கரை நோயாளிக்குத் திட்டு மருந்தல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. சர்க்கரை இருப்பவர்களும், வீட்டில் அவர்களைத் திட்டிக்கொண்டிருப்பவர்களும் கடைசிவரை படியுங்கள்.

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் என்று எந்தப் பக்கம் போய் டாக்டரைப் பார்த்தாலும் ரிப்போர்ட்டைப் புரட்டியதும் வருவது ஒரே வசனம்தான்: "வாயைக் கட்ட முடியலையா? நடக்க என்ன சோம்பேறித்தனம்?" வீட்டுக்கு வந்தால் மகனும் மருமகளும் அதையே சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பைத் திறந்தால் வெந்தயம், பாகற்காய் ஜூஸ், கூடவே "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு".

சரி ஐயா. அந்த மனமே நோயில் கிடந்தால்?

எனக்குச் சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. மனைவி போன பிறகு ஏழெட்டு மாதம் குளுக்கோமீட்டர் பெட்டி அலமாரியிலேயே கிடந்தது. பத்தாம் வகுப்புக்குக் கணையத்தைப் படம் போட்டு நடத்தியவன் நான். எனக்குக் குறைந்தது அறிவல்ல, கட்டிலைவிட்டு எழுந்திருக்கும் தெம்பு. அப்போது ஒரு டாக்டர், "வாத்தியாரா இருந்துக்கிட்டு இப்படியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என் சர்க்கரையை ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. அடுத்த முறை அவரிடம் போகும் தைரியத்தைத்தான் குறைத்தது. பிறகு வேறொருவர், "ராத்திரி தூக்கம் வருதா சார்? முன்னாடி பிடிச்சதெல்லாம் இப்பவும் பிடிக்குதா?" என்று கேட்டார். சிகிச்சை அங்கேதான் ஆரம்பித்தது.

மனச்சோர்வு என்றால் வெறும் வருத்தமல்ல. எதிலும் நாட்டமின்மை, களைப்பு, தூக்கக் கேடு, "இருந்து என்ன ஆகப்போகுது" என்ற எண்ணம் எல்லாம் அந்த நோயின் அறிகுறிகள். ஊக்கமில்லாமல் இருப்பதே நோயின் குறி என்னும்போது, அவரிடம் போய் "ஊக்கம் வேணும்" என்பது, கால் முறிந்தவனிடம் "ஓடிப் பழகு" என்பது போல. போதாக்குறைக்கு, மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்களும் சர்க்கரையை ஏற்றும்.

இது என் அனுபவம் மட்டுமல்ல. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினத்தில் சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரை வைத்து நடந்த ஆய்வு 2020ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு, தொடர்ந்து பேசி விசாரிக்க ஓர் ஊழியர். அவருக்குப் பின்னால் நிலைமையைப் பார்த்து மருந்தை மாற்றச் சொல்ல நிபுணர்கள். இரண்டு வருடம் கழித்து, மனச்சோர்வு பாதிக்கு மேல் குறைந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது தேறியவர்கள் முதல் பிரிவில் 100க்கு 57 பேர். இரண்டாம் பிரிவில் 72 பேர். மந்திரமில்லை, விசாரிக்க ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

"இதெல்லாம் நம்ம ஊரில் நடக்குமா?" என்பீர்கள். நடந்திருக்கிறது, நம் சானடோரியத்திலேயே. 2004ல் எச்.ஐ.வி.க்கு அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தபோது, முதலில் தொடங்கிய மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அங்கே மாத்திரையை மட்டும் கையில் திணித்து அனுப்பவில்லை. உட்காரவைத்துப் பேச ஆலோசகர்கள் இருந்தார்கள். ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியவருக்கு மனத்தெம்பும் வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. சர்க்கரையும் ஆயுள் முழுக்கத்தானே? 2023ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுக் கணக்குப்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்த நோய். அவர்களுக்கு மட்டும் ஏன் திட்டு?

பசியோடு வரும் பிள்ளையிடம் "ஏன் படிக்கலை" என்று கேட்பதில் அர்த்தமில்லை என்று புரிந்து மதிய உணவு போட்ட மாநிலம் இது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம். மாத்திரை கொண்டுவரும் அந்தச் சகோதரி இரண்டே கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும்: "இந்த ரெண்டு வாரமா எதிலயும் ஈடுபாடு இல்லாம இருக்கா? மனசு சோர்ந்துபோய் இருக்கா?" ஆமாம் என்றால் அடுத்து எங்கே அனுப்புவது என்பதையும் அரசு அவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். ஒவ்வொரு சர்க்கரை கிளினிக்கிலும் ஓர் ஆலோசகர் உட்காரட்டும்.

"அப்போ நோயாளிக்குப் பொறுப்பே இல்லையா?" இருக்கிறது. அதைச் சுமக்கத் தோளையும் குணப்படுத்துங்கள் என்கிறேன்.

இந்தச் சோர்வில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரையையும் இன்சுலினையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு மணி நேரம் நடக்க முடியாவிட்டால் தெருமுனை வரை போய் வாருங்கள். அதுவும் கணக்குதான். அடுத்த முறை டாக்டரிடம் சர்க்கரை அளவைச் சொல்வதற்கு முன்னால் மனசின் நிலையைச் சொல்லுங்கள். ராத்திரி தாங்க முடியவில்லையா, 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ், இலவசம், எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களே, இன்று "சுகர் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால் "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.